அப்பா ஊர்காவற்றுறைக் கோர்ட்டுக்குப் போனால் கச்சத்தீவை விட்டுக்கொடுத்ததாக ஆகுமா?

ராமேசுவரம் தீவிலுள்ள ஒரு மீனவக் கிராமத்திலிருந்து ஒரு பெண் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவின் விசைப்படகு மூன்று மாதங்களுக்கு முன் நெடுந்தீவுக்கு மேற்கே இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டது. படகில் ஆறு பேர். டிரைவர் இவருடைய தாய்மாமா. கூட்டாளிகளில் ஒருவன் இவருடைய தம்பி. ஐந்து வாரம் யாழ்ப்பாணச் சிறையில் இருந்துவிட்டு ஐந்து பேர் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு ஊர் திரும்பிவிட்டார்கள். மாமாவுக்கு அபராதம் போட்டார்கள். கட்ட வழியில்லாததால் ஆறு மாதச் சிறை. படகு வழக்கு தனியாக, யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நடக்கிறது. உரிமையாளர் அசல் பத்திரங்களோடு நேரில் வர வேண்டும் என்று அடுத்த மாதம் வாய்தா போட்டிருக்கிறார்கள்.

அப்பா போக மறுக்கிறார். “அது என் அப்பன் வலை காயப்போட்ட தீவு. அங்கே போய் நான் திருடன் மாதிரி கைகட்டி நின்றால், கச்சத்தீவு அவனுடையது என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி” என்கிறாராம். சங்கத்துக்காரர்கள் சிலர், கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்ட, நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாத 1974 ஒப்பந்தம் செல்லாது, ஐ.நா. சட்டப்படி மீனவரைச் சிறையில் வைக்கவே கூடாது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு ரிட் போட்டால் படகு வந்துவிடும் என்கிறார்கள். பரம்பரை உரிமைக்குச் சான்றாக, மாமா கைப்பட எழுதிய நோட்டின் சில பக்கங்களைப் படமெடுத்துக் கடிதத்தோடு இணைத்திருக்கிறார். தம்பியின் முதுகில் கயிற்றடித் தழும்பு இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான் ராமநாதபுரத்தில் வக்கீல் தொழில் செய்பவன். படகு வழக்குகள் கொஞ்சம் பழக்கம். அப்பாவின் கோபத்துக்குப் பின்னால் உண்மையான வரலாறு இருக்கிறது. ஆனால் அதே வரலாறுதான் இந்த வழக்கில் அவருக்கு எதிராகவும் நிற்கிறது. இரண்டையும் சொன்னால்தான் அவரிடம் பேச உங்களுக்கு வசதியாக இருக்கும்.

“நம்ம கடல்” என்பது எங்கிருந்து வந்தது

ஒரு நாட்டின் ஆட்சி கரையிலிருந்து மூன்று மைல் தூரம்வரைதான் என்பது பழைய கணக்கு. அந்தக் காலத்து பீரங்கிக் குண்டு போகிற தூரம் என்பார்கள். அதற்கு அப்பால் யாருக்கும் சொந்தமில்லாத பெருங்கடல். நம் வடகடலான பாக் விரிகுடாவுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. 1904-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கும் சங்குத் திருட்டு வழக்கு அது. சங்குப்பார் ராமநாதபுரம் ராஜாவின் குத்தகையில் இருந்தது. கரையிலிருந்து மூன்று மைலுக்கும் அப்பால். அங்கே குத்தகைதாரருக்குத் தெரியாமல் சங்கு எடுத்தார்கள். பெருங்கடலில் கிடந்த சங்கை எடுத்தால் அது எப்படித் திருட்டு? கேள்வி நியாயமானதுதான். நீதிபதிகள் பாக் விரிகுடாவைத் திறந்த கடலாகவே கருத முடியாது, அது மன்னரின் ஆட்சிப் பரப்பில் சேர்ந்த பகுதி என்று முடித்துவிட்டார்கள். சுற்றிலும் பெரும்பகுதி நிலம், இரு கரை மக்களும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்த நீர் என்பது காரணம்.

வரலாற்று நீர்ப்பரப்பு என்று பின்னாளில் சட்டம் பெயர் வைத்ததற்கு நம் பகுதிச் சங்கு ஒரு முன்னோடி. எனக்கு இதில் கொஞ்சம் ஊர்ப்பெருமை உண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்போது இரண்டு கரையும் ஒரே மன்னருக்கு. அதனால் இந்தத் தீர்ப்பு யாருக்கும் உறுத்தவில்லை. 1921 அக்டோபரில் சென்னை மாகாணத்துக்காரர்களும் இலங்கைக்காரர்களும் கொழும்பில் உட்கார்ந்து மீன்பிடிக்கு ஒரு கோடு போட்டார்கள். கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று மைலில் விழுந்தது. தீவின் மீது ராமநாதபுரம் சமஸ்தானத்துக்கு உள்ள உரிமையை இது பாதிக்காது என்று நம்மவர்கள் குறித்துவைத்தார்கள். லண்டன் அந்த ஏற்பாட்டுக்குக் கடைசிவரை ஒப்புதல் தரவில்லை. சேதுபதிகள் அந்தத் தீவைக் குத்தகைக்கு விட்டு வந்தது பதிவில் உள்ள விஷயம். 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபின் ஜமீனின் உரிமை அரசாங்கத்துக்குப் போனது. கச்சத்தீவு நம்முடையது என்று தமிழ்நாடு பேசுவதற்கு அடிப்படை இந்த ஜமீன் காகிதங்கள்தான். உங்கள் தாத்தா வலை காயப்போட்டது அல்ல. இதற்குப் பிறகு வருகிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியா தன் ஆட்சிக்கடலை 1956-இல் ஆறு கடல் மைலாகவும், 1967-இல் பன்னிரண்டாகவும் விரித்தது. தனுஷ்கோடியில் நின்று பார்த்தால் தலைமன்னார் பக்கம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு நாடும் பன்னிரண்டு பன்னிரண்டு கேட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். எங்காவது ஒரு கோடு போட்டே ஆக வேண்டிய நிலை. 1974 ஜூன் 26-இல் கொழும்பிலும் 28-இல் டெல்லியிலும் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டார்கள். ஆறு புள்ளிகள், அவற்றை இணைக்கும் நேர்கோடுகள். நான்காவது புள்ளி 9 பாகை 21.8 கலை வடக்கு, 79 பாகை 30.7 கலை கிழக்கு. உங்கள் மாமா ஜி.பி.எஸ்ஸில் அதைப் பல தடவை பார்த்திருப்பார். அங்கே கோடு கச்சத்தீவின் மேற்குக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மைலில், நம் பக்கமாக ஓடுகிறது.

அப்பா சொல்வதில் ஒரு நியாயம் இங்கே இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே விசா, பயணப் பத்திரம் எதுவும் இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. 6-ஆவது பிரிவு, ஒரு நாட்டுக் கலங்கள் மற்ற நாட்டின் நீரில் வழிவழியாக அனுபவித்த உரிமை தொடரும் என்கிறது. 1974 ஜூலை 23-இல் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில், மீன்பிடி, யாத்திரை, கப்பல் போக்குவரத்து உரிமைகள் எல்லாம் பாதுகாக்கப்பட்டுள்ளன என்றே சொன்னார். ஆக, உங்கள் தாத்தா காலத்து ஆட்கள் கனவு கண்டு பேசவில்லை. அரசாங்கம் சொன்னதைத்தான் நம்பினார்கள்.

அந்த வாக்கு இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. 1976 மார்ச் 23-இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை போட்ட அன்றே, இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். இந்தியப் படகுகளும் மீனவர்களும் வெளிப்படையான அனுமதி இல்லாமல் இலங்கையின் வரலாற்று நீர்ப்பரப்பிலோ ஆட்சிக்கடலிலோ பொருளாதார மண்டலத்திலோ மீன்பிடிக்கக் கூடாது. அவர்களுக்கும் இதே விதி. நெருக்கடி நிலைக் காலம் அது. தமிழ்நாட்டில் ஜனவரி 31-ஆம் தேதியே ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. எதிர்த்துப் பேசச் சட்டமன்றம்கூட இல்லை. நியாயமாக நடந்ததா என்று என்னைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இன்று அமலில் இருப்பது அந்தக் கடிதம்தான். 5-ஆவது பிரிவில் “போய்வரலாம்” என்ற வார்த்தை உண்டு. “மீன்பிடிக்கலாம்” என்ற வார்த்தை இல்லை. அதைக் காட்டி இலங்கை நீதிமன்றத்தில், கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடிக்கு விடுதலை வாங்க முடியாது.

ஒப்பந்தம் செல்லாது என்ற வாதம்

சங்கத்துக்காரர்கள் சொல்வது வெறும் மேடைப் பேச்சு அல்ல. 1960-இல் பெருபாரி என்ற வங்காள எல்லைப் பகுதி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம், நாட்டின் நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுப்பதானால் அரசமைப்பைத் திருத்த வேண்டும் என்றது. அந்த வாதத்தை வைத்து ஜெயலலிதா 2008-இல் உச்ச நீதிமன்றம் போனார். 2011-இல் தமிழக அரசின் வருவாய்த் துறையும் சேர்ந்துகொண்டது. ஒன்றிய அரசின் பதில் வேறு: கச்சத்தீவு தாவாவில் இருந்த இடம், நாங்கள் எதையும் கொடுக்கவில்லை, எல்லையைத் தீர்த்துக்கொண்டோம். 1969-இல் குஜராத் எல்லையிலுள்ள கட்ச் ரண் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொள்வது நிலம் கொடுப்பது ஆகாது என்று சொல்லியிருப்பது அவர்களுக்குச் சாதகம். எந்தப் பக்கம் வெல்லும் என்று நான் ஆருடம் சொல்லப்போவதில்லை. 2025 ஏப்ரல் 2-இல்கூட, தீவை மீட்கக் கோரிச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. நாளைக்கே டெல்லியில் தமிழ்நாடு ஜெயித்தாலும் அந்தத் தீர்ப்பு ஊர்காவற்றுறை நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. உள்நாட்டுச் சட்டத்தில் கோளாறு என்று சொல்லி ஒரு நாடு ஒப்பந்தத்திலிருந்து நழுவ முடியாது என்பது பன்னாட்டு வழக்கம். நிலைமை மாறிவிட்டது என்ற காரணமும் எல்லை ஒப்பந்தங்களுக்குச் செல்லாது. பன்னாட்டு நீதிமன்றம் போகலாமே என்று யாராவது சொன்னால், அதற்கும் வழி அடைபட்டிருக்கிறது. காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகளை அந்த நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்திலிருந்து இந்தியாவே விலக்கிவைத்திருக்கிறது. இலங்கை காமன்வெல்த் நாடு. இந்த விலக்கு அதற்கு முன்பே இருந்தது, இப்போது அமலில் உள்ள 2019 அறிவிப்பிலும் இருக்கிறது; நடுவே 1974 செப்டம்பரிலும் அதை ஒரு தடவை புதுப்பித்தார்கள். கச்சத்தீவுக் கையெழுத்தின் ஈரம் காய்ந்து மூன்று மாதம்!

இன்னொன்றும் சொல்கிறேன், அப்பாவுக்குப் பிடிக்காது. மாமாவின் நோட்டைப் பார்த்தேன். பள்ளிக்கூட நோட்டு, நீல மை, ஓரத்தில் கிரீஸ் கறை. “9-23, 79-34 வெள்ளை இறால்.” “9-33, 79-35 கணவாய், பவுர்ணமிக்கு ஆகாது.” “பாறை, மடி கிழியும்” என்று ஒன்றின்கீழ் அடிக்கோடு. அழகான நோட்டு அம்மா, உண்மையாகவே சொல்கிறேன். முப்பது வருட அறிவு அதில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் பதினான்கு இடங்கள். வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன். கச்சத்தீவைச் சுற்றி இருப்பவை மூன்றே மூன்று. அந்த வெள்ளை இறால் இடமே கோட்டிலிருந்து மூன்று கடல் மைலுக்கும் மேல் உள்ளே. கணவாய் இடம் எட்டு மைலுக்கும் மேல், நெடுந்தீவின் வாசலில். நாளைக்கே கச்சத்தீவு நம் கைக்கு வந்து கோடு நாலைந்து மைல் கிழக்கே நகர்ந்தாலும் அந்த நோட்டில் பெரும்பாலான பக்கங்கள் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

நோட்டு 1992-இல் தொடங்குகிறது. அது அங்கே போர் நடந்த காலம். வடக்கு மாகாண மீனவர்கள் கடலுக்குள் இறங்க முடியாமல் முகாம்களில் கிடந்தார்கள். அவர்கள் இல்லாத கடலில் நம் விசைப்படகுகள் வளர்ந்தன. 2009-க்குப் பிறகு அவர்கள் திரும்பி வந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போயிருந்தேன். நெடுந்தீவுக்காரர் ஒருவர், என் அப்பா வயது, பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே, “தம்பி, எங்கட வலையள உங்கட போட் இழுத்துக்கொண்டு போகுது” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை. எல்லை தாண்டிய ஆக்கிரமிப்பு என்று நாம் ஒரு கதை சொல்கிறோம். அவர்கள் அதே வார்த்தையை நம்மைப் பார்த்துச் சொல்கிறார்கள், அதுவும் தமிழில்.

ஆகவே அந்த நோட்டைப் பரம்பரை உரிமைக்குச் சான்று என்று எந்த நீதிமன்றத்திலும் நீட்டாதீர்கள். 2017 ஜூலையில் இலங்கை இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடைசெய்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த நோட்டை வாங்கி, இத்தனை வருடமாகத் தெரிந்தே உள்ளே வந்து இழுத்திருக்கிறார்கள் என்று வாசித்துக் காட்டுவார். பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. இன்ஜின் பழுதாகிக் காற்றில் இழுத்துப் போய்விட்டது என்று சொல்லித் தருவதற்குச் சிலர் வருவார்கள். மடி தண்ணீரில் இருக்கும்போது பிடிபட்ட படகுக்கு அந்தக் கதை நிற்காது. அதையும் சொல்ல வேண்டாம்.

சிறையில் வைக்கக் கூடாது என்ற ஐ.நா. சட்டம்

இது பாதி உண்மை. 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆவது பிரிவு, மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறைத் தண்டனை கூடாது, பிணைத் தொகை கட்டினால் படகையும் ஆட்களையும் சீக்கிரம் விட வேண்டும் என்கிறது. இந்தியா 1995-இலும் இலங்கை 1994-இலும் அதை ஏற்றுக்கொண்டன. ஆனால் அது பொருளாதார மண்டலத்துக்கு, அதாவது ஆட்சிக்கடல் முடிந்த இடத்திலிருந்து, கரையிலிருந்து 200 கடல் மைல்வரை உள்ள பரப்புக்குத்தான். அங்கே கரை நாட்டுக்கு மீன் முதலான வளங்கள் மீதுதான் உரிமை. முழு இறையாண்மை இல்லை. உங்கள் படகு பிடிபட்ட இடம் வரலாற்று நீர்ப்பரப்பு. 1974 ஒப்பந்தத்தின் 4-ஆவது பிரிவு, கோட்டுக்கு அவரவர் பக்கத்து நீரில் அவரவருக்கு முழு இறையாண்மை என்கிறது. நிலத்தைப் போல. அங்கே 73 வராது.

வடகடல் வெறும் பெருங்கடல் அல்ல, எங்கள் ஆட்சிப் பரப்பு என்று சங்கு வழக்கில் நாம் வாங்கிய பெயர் இருக்கிறதே, அந்தப் பெயரால்தான் இன்று உங்கள் மாமாவுக்கு 73-ஆவது பிரிவின் சலுகை கிடைக்காமல் போகிறது. நாமும் இப்படித்தான் சட்டம் வைத்திருக்கிறோம். வெளிநாட்டுப் படகுகளுக்கான நம் 1981 சட்டத்தில், இந்திய ஆட்சிக்கடலுக்குள் பிடிபட்டால் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. பொருளாதார மண்டலத்தில் பிடிபட்டால் அபராதம் மட்டும். மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே சூரை பிடிக்க வந்து மாட்டிய இலங்கைக்காரர்கள் நம் ஊர்க் கோர்ட்டுகளில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் அசல் கேள்வி

நேரில் ஆஜரானால் தீவை விட்டுக்கொடுத்ததாக ஆகுமா? ஆகாது. இறையாண்மை அரசுகளுக்கு இடையிலானது. தனி மனிதர் செய்வதால் அது வருவதும் இல்லை, போவதும் இல்லை. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானாவும் நமீபியாவும் ஒரு ஆற்றுத் தீவுக்காகப் பன்னாட்டு நீதிமன்றம் போயின. நமீபியா பக்கத்துப் பழங்குடியினர் தலைமுறைகளாக அந்தத் தீவில் உழுது பயிர் செய்தார்கள் என்பது வாதம். அவர்கள் தங்கள் பிழைப்புக்காக வந்துபோனார்கள், அரசாங்கத்தின் சார்பாக அல்ல என்று 1999 டிசம்பரில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீவு போட்ஸ்வானாவுக்குப் போனது.

தாத்தா வலை காயப்போட்டதால் கச்சத்தீவு இந்தியாவுடையதாக ஆகிவிடவில்லை என்று முன்னால் சொன்னது இதனால்தான். அதே கணக்கில், அப்பா ஊர்காவற்றுறையில் கூண்டுக்கு முன் நிற்பதால் அது இலங்கையுடையதாகவும் ஆகிவிடாது. சேதுபதியின் குத்தகைக் காகிதத்துக்கு உள்ள பலம் அப்படியே இருக்கும். அவர் அங்கே கேட்கப் போவது தன் படகை. இதை அவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். சண்டையாகச் சொன்னால் கேட்க மாட்டார். எனக்கும் அந்த வகை அப்பா ஒருவர் இருந்தார்.

இனிச் செய்ய வேண்டியவை

முதலில் தம்பி. ஒத்திவைக்கப்பட்ட தண்டனை என்றால் விடுதலை அல்ல. குறித்த காலத்துக்குள் மறுபடி அங்கே பிடிபட்டால் பழைய தண்டனையும் புதிய தண்டனையும் சேர்ந்து விழும். இரண்டாவது தடவை மாட்டியவர்களை இலங்கை நீதிமன்றங்கள் சும்மா விடுவதில்லை. தீர்ப்பு நகலை வாங்கி எத்தனை ஆண்டு என்று பாருங்கள். அதுவரை வேறு யார் படகிலும் அவனை வடகடலுக்கு அனுப்பாதீர்கள். நல்ல பங்கு தருகிறேன் என்று ஆள் கூப்பிட வரும். அந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் கடுமையாக இருக்க வேண்டும்.

அவன் முதுகுத் தழும்பு தனி விஷயம். கைது சட்டப்படி சரியாக இருந்தாலும் அடிப்பது சரியாகாது. கடலில் படகை மடக்கும்போது பலத்தைக் கூடியவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் அளவோடு இருக்க வேண்டும் என்று ஹாம்பர்க்கிலுள்ள கடல் சட்டத் தீர்ப்பாயம் 1999-இலேயே சொல்லியிருக்கிறது. அரசு மருத்துவமனையில் காட்டிச் சான்று வாங்குங்கள். மூன்று மாதம் ஆகிவிட்டது, இருந்தாலும் பரவாயில்லை. மரைன் போலீசில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்தக் காகிதம் மாவட்ட நிர்வாகம் வழியாக வெளியுறவு அமைச்சகத்துக்குப் போகும். பலன் உடனே தெரியாது. ஆனால் எழுதாத அடி எந்தப் பேச்சுவார்த்தை மேசைக்கும் வராது. படகு வழக்கில் இதைக் கலக்க வேண்டாம்.

மாமாவுக்கு: யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. மீன்வளத் துறை உதவி இயக்குநர் மூலமாகவும், நேரடியாக மின்னஞ்சலிலும் எழுதி, அவருடைய உடல்நிலையையும் மருந்தையும் குறிப்பிடுங்கள். சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். மேல்முறையீட்டுக்கோ, பாக்கி அபராதத்தைக் கட்டி முன்கூட்டி வெளியே எடுப்பதற்கோ வழி உண்டா என்று அங்குள்ள வக்கீலைக் கேளுங்கள். சிறையில் இருக்கும் மீனவரின் குடும்பத்துக்குத் தமிழக அரசு தினசரி உதவித்தொகை தருகிறது. அத்தை பெயரில் விண்ணப்பித்திருக்கிறீர்களா?

படகுக்கு: வாய்தாவுக்கு உரிமையாளர் வராவிட்டால் பெரும்பாலும் நாட்டுடைமைதான். 2022 பிப்ரவரியில் அப்படி எடுத்த படகுகளை ஏலத்திலேயே விட்டார்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் இருக்கிறது; மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள் என்பதால் முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விமானம்தான். போகும் முன் அங்குள்ள வக்கீல் மூலம் படகு எந்த நிலையில் கிடக்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறைமுகத்தில் கட்டிப்போட்டிருக்கும் படகுகள் பலவற்றின் கதி எனக்குத் தெரியும். மரம் உளுத்து, பாதி தண்ணீருக்குள் இருக்கும். ஜெயித்தாலும் இழுத்து வரவும் பழுது பார்க்கவும் ஆகும் செலவு படகின் விலையைத் தாண்டினால், அரசு தரும் நிவாரணத்துக்கு விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம். அதற்கும் நீதிமன்ற உத்தரவின் நகல் கேட்பார்கள். ஆகவே இரண்டு வழியிலும் அந்த வாய்தாவைக் கவனித்தே ஆக வேண்டும். காப்பீடு இருந்தால், எல்லை தாண்டினால் பொருந்தாது என்று பொடி எழுத்தில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

மதுரைக் கிளையில் ரிட் போடலாம். ஒன்றிய அரசு தூதரக உதவி செய்ய வேண்டும், நிவாரண விண்ணப்பத்தைக் குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது வரை உத்தரவு கிடைக்க வாய்ப்புண்டு. படகைக் கொண்டுவா என்று இலங்கைக்கு உத்தரவு போட அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. அப்படி வாங்கித் தருகிறேன் என்று யாராவது பீஸ் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்து என்ன தொழில் என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். 2017-இல் அறிவித்த ஆழ்கடல் படகுத் திட்டத்தில் இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு, எழுபது சதவீதம் மானியத்தில் சூரைத் தூண்டில் படகு வாங்கலாம் என்றார்கள். அப்போது ஒரு படகின் விலை 80 லட்சம் என்று கணக்குப் போட்டார்கள். எடுத்தவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. காலையில் போய் மறுநாள் திரும்பும் ஆட்களை மூன்று வாரம் கடலில் இரு என்றால் எளிதா? கடனும் பெரிது. அவசரப்பட்டு அதில் இறங்கச் சொல்ல மாட்டேன். முதலில் மாமா வரட்டும். வடகடலின் அடித்தரை தெரிந்தவர் அவர். தென்கடலான மன்னார் வளைகுடாவில் தூண்டிலோ நண்டு வலையோ சரிப்படுமா என்று அவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

அப்பாவிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே தட்கலில் போடுங்கள். படகுப் பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், ஆதார், உதவி இயக்குநர் கடிதம் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, அசலை அவர் கையில் கொடுங்கள். மாமாவின் நோட்டு மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.